துல்பாபம்பா துரை

மாலை ஐந்தே முக்கால். யானாகாக்கா கணவாய்ச் சாலை. ஜூலை மாதம்... உறைபனிக் காலம். மலை உச்சியில் வெளிச்சம் இருந்தது, சாலையில் இல்லை. அந்த நேரத்தில் அங்கே நரி நடமாடும். மந்தையை விட்டு வழி தவறிய லாமா நடமாடும். வேறு எதுவும் நடமாடாது. அன்றைக்கு ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்தான். கழுத்தில் டை.

சிரிக்காதே, எர்மோ. நீ ஓட்டி வந்த பேருந்துக்கு முன்னால் பாறை சரிந்ததால்தான் இத்தனை பேர் என் சூப்புக் கடைக்குள் அடைந்து கிடக்கிறீர்கள். விடிந்து இயந்திரம் வந்து பாறையைத் தள்ளும்வரை உங்களுக்குப் போக்கிடம் இல்லை, எனக்குத் தூக்கம் இல்லை. கதை கேட்டதும் நீதான். கதவைச் சாத்து. மழைக்காற்று விளக்கை அணைத்துவிடும். குளிருக்கு மெல்லக் கோக்கா இலை வைத்திருப்பவர்கள் இல்லாதவர்களுக்குக் கொடுங்கள்.

இது என் தோழி பெனீட்டாவின் அண்ணனுக்கு நடந்தது. ஏழு வருடம் ஆகிறது. அவன் பெயர் எலியோடோரோ. துல்பாபம்பா மாவட்ட அலுவலகத்தில் பிறப்பு, இறப்பு எழுதுகிற குமாஸ்தா.

எங்கள் துல்பாபம்பா மாவட்டத்தில் மொத்தமே இரண்டாயிரம் பேர்தான். அதில் எங்கள் மலைப் பேச்சான கெச்சுவா தெரியாதவர்கள் இரண்டு பேர். சுகாதார நிலையத்து டாக்டரம்மா ஒருத்தி, போலீஸ்காரர் ஒருவர். இருவரும் வெளியூர். மூன்றாவது ஆள் நான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் எலியோடோரோ. இங்கேயே பிறந்தவன். பன்னிரண்டு வயதுவரை மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு ஆட்டுக்குப் பின்னால் ஓடியவன். அந்த ஆடுகளை அவன் என்ன ஸ்பானிஷிலா திட்டினான்?

நடுவில் இரண்டு வருடம் கடற்கரை நகரத்தில் இருந்தான். பெரிய படிப்பு என்றான். ஓர் உணவுக்கடையில் தட்டுக் கழுவினான் என்பது எல்லோருக்கும் தெரியும். தட்டுக் கழுவுவது கேவலமில்லை. நானும் கழுவுகிறேன். அதைப் படிப்பு என்று சொன்னானே, அதுதான் கேவலம்.

திரும்பி வந்தபோது டை வந்தது, கறுப்புக் கண்ணாடி வந்தது, கெச்சுவா போய்விட்டது. மாவட்ட அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். ஆறு மணி நேரம் மலையிறங்கி வந்தவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, "ஐயா, பொண்ணு பொறந்திருக்கு" என்பான். இவன் தலையைத் தூக்காமல் ஸ்பானிஷில் சொல்வான்.

"புரியல. ஸ்பானிஷ்ல சொல்லு."

வந்தவன் யாரையாவது தேடிப் பிடித்துக் கூட்டிவருவான். அதுவரைக்கும் துரை நகம் வெட்டுவார்.

எங்கள் பக்கத்தில் அப்பாவின் குடும்பப் பெயருக்குப் பிறகு அம்மாவின் குடும்பப் பெயரையும் எழுதுவோம். இவன் அப்பா வழி 'பெரால்டா'வைக் கொட்டை எழுத்தில் போடுவான். அம்மா வழிப் பெயர் கோரிமான்யா. அது காதில் விழுந்தாலே கெச்சுவா என்று தெரிந்துவிடுமே! அதனால் பெற்றவளை ஒற்றை எழுத்தாக்கி, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து முடித்துவிட்டான்.

அந்த ஜூலையில் தலைநகரத்திலிருந்து ஓர் அதிகாரி மேற்பார்வைக்கு வந்தார். மத்தியான நேரம். எலியோடோரோவின் அம்மா சதுர்னினா, அவித்த சோளமும் பாலாடைக்கட்டியும் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள். அவளுக்குக் கெச்சுவா தவிர ஒரு வார்த்தை தெரியாது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"சாப்பிட்டியாப்பா?"

அதிகாரி யார் இது என்று திரும்பிப் பார்த்தார். எலியோடோரோ அதிகாரியைப் பார்த்துச் சிரித்தான்.

"யாருன்னு தெரியல சார். இவங்க பேசறது எனக்குப் புரியாது."

வரிசையில் ஒன்பது பேர் நின்றார்கள். பெனீட்டாவும் நின்றாள். அம்மாவுக்கு ஸ்பானிஷ் தெரியாது, ஆனால் மகன் முகம் தெரியும். முடிச்சை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போனாள். வீட்டுக்கு வந்த பெனீட்டா அவன் தட்டைத் தூக்கி முற்றத்தில் வீசினாள். அம்மா அதை எடுத்துத் துடைத்து உள்ளே வைத்தாள். "வேலை நேரத்துல போனது என் தப்பு" என்றாளாம். பெற்றவளைச் சொல்லி என்ன செய்வது!

அன்றைக்கே அதிகாரியின் வண்டிக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் வழி காட்டிக்கொண்டு துரை கீழே பெரிய ஊருக்குப் போனார். மறுநாள் சாயங்காலம் திரும்பினார். யானாகாக்கா வழியாக.

இனி நான் சொல்வது எலியோடோரோ தன் வாயால் பெனீட்டாவிடம் சொன்னது. மூன்று தடவை சொல்லியிருக்கிறான். மூன்று தடவையும் ஒரு வார்த்தை மாறவில்லை.

கணவாயின் நெற்றியில், அந்தக் கறுப்புப் பாறைக்குக் கீழே, வண்டி இருமியது. இரண்டு இருமல்... நின்றது. உதைத்தான். அசையவில்லை. இன்ஜின் சூடு ஆறும்போது 'டிக்... டிக்...' என்று கேட்குமே, அது மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தான்.

முதலில் வாசனை வந்தது. எரிந்த புல் வாசனை. அந்த உயரத்தில் யார் புல் எரிக்கிறார்கள்? அதற்கடியில் இன்னொரு வாசனை... புளித்த பால்.

பிறகு சத்தம். டயர்ச் செருப்பு உறைபனியில் தேய்கிற சத்தம். சரக்... சரக்... சரக்...

இருபது அடி முன்னால் ஒரு பெண் நடந்துகொண்டிருந்தாள். வட்டத் தொப்பி, பாவாடை, முதுகில் போர்வைத் துணியில் கட்டிய குழந்தை. இவன் வேகமாகத் தள்ளினாலும் இருபது அடி. மெதுவாகத் தள்ளினாலும் இருபது அடி. அவள் திரும்பவில்லை. நடந்தபடியே கெச்சுவாவில் கேட்டாள்.

"அண்ணே, இவனைக் கொஞ்சம் வாங்கிக்கறீங்களா? தோள் விட்டுப்போச்சு."

அவனுக்குப் புரிந்தது. ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது. 'தோள் விட்டுப்போச்சு' என்று அவன் அம்மாவே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். சாலையில் ஒரு மனிதன் இல்லை. அதிகாரி இல்லை. வெட்கப்படுவதற்கு ஒரு நாய்கூட இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் அந்த டை கட்டிய முண்டம் என்ன சொன்னான் தெரியுமா? ஸ்பானிஷில் சொன்னான்.

"புரியல."

பார்க்க ஆளே இல்லாத இடத்திலும் வேஷம்! பயத்தில் அப்படி வந்துவிட்டது என்று பெனீட்டாவிடம் சொன்னானாம். பயத்தில் எனக்கெல்லாம் என் அம்மா பேச்சுதான் வரும். உங்களுக்கு?

அவள் மறுபடி கேட்டாள். "அண்ணே, வாங்கிக்கங்க. குளிருது இவனுக்கு."

"புரியல."

சரக்... சரக்... செருப்புச் சத்தம் முன்னால்தான் கேட்டது. அவள் உருவமும் முன்னால்தான் இருந்தது. ஆனால் மூன்றாம் தடவை குரல் அவன் பிடரிக்குப் பின்னால் வந்தது. மூச்சு படுகிற தூரத்தில். அந்த மூச்சில் சூடு இல்லை.

"வாங்கிக்கறீங்களா, அண்ணே?"

"புரியல! எனக்குப் புரியல!"

பிறகு அவள் நிதானமாகச் சொன்னாள்.

"சரி. புரிய வேண்டாம்."

முன்னால் பார்த்தான். சாலை காலியாக இருந்தது. வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது. ஆனால் இறக்கத்தில்கூட, பின்னால் ஆள் ஏறியது போல முனகிக்கொண்டே இறங்கியது என்றான்.

ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தான். அடுப்புக்குக் கீழே கறிக்கு வளர்க்கிற சீமை எலிகள் 'கூய் கூய்' என்று ஓயாமல் கத்துமே... பெனீட்டா வீட்டில் இருபதுக்குக் குறையாமல் இருக்கும். அவன் வாசல்படி தாண்டியதும் அத்தனையும் ஒரே நேரத்தில் வாயை மூடின. 

அம்மா ஏதோ கேட்டாள். அவனுக்குக் கேட்டது தகரத்தில் கூழாங்கல் கொட்டுகிற சத்தம்.

"என்னம்மா?" என்றான். ஸ்பானிஷில்.

அம்மா மறுபடி கேட்டாள். மறுபடி கூழாங்கல். பெனீட்டாவைப் பார்த்தான். அவளும் வாயை அசைத்தாள். அங்கேயும் கூழாங்கல். கெச்சுவாவில் பேச வாயைத் திறந்தான். நாக்கு இருக்கிறது, வார்த்தை இல்லை. "எனக்குப் புரியல... நெஜமாவே புரியல பெனீட்டா!" என்று ஸ்பானிஷில் அலறினான்.

பெனீட்டா கரண்டியால் சட்டியைத் தட்டினாள். "ஆரம்பிச்சுட்டாரு துரை. இப்ப வீட்டுக்குள்ளயும்."

யார் நம்புவார்கள்? மூன்று வருடமாக அவன் சொல்லிக்கொண்டிருந்ததே அதுதானே! பொய் சொன்னபோது என்ன சொன்னானோ, அதையேதான் இப்போதும் சொன்னான். ஊரில் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "சத்தியமா புரியல" என்று அழுதான். "அதான் தெரியுமே துரை!" என்று சிரித்தார்கள். சந்தையில் மூட்டை தூக்குகிற பாஸ்குவால் குடித்துவிட்டு வந்து அவன் முகத்துக்கு நேரே, அவனுடைய ஏழு தலைமுறையையும் கெச்சுவாவில் வாரினான். இவனோ, நலம் விசாரிக்கிறான் என்று நினைத்துத் தலையாட்டி, "ரொம்ப நன்றி" என்றான். அன்றைக்குச் சந்தையே உருண்டு சிரித்தது. நானும்தான்.

எங்கள் மேயர் இன்னொரு ஜந்து. ஸ்பானிஷ் தவிர வேறு பேசாத அதிகாரி என்று அவனுக்குப் பதவி உயர்வு கொடுத்தார்.

நம்பியது பெனீட்டா ஒருத்திதான். அதுவும் ஒரு விபத்தில். அவன் அடுப்பருகே முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அவள் பின்னாலிருந்து கொதிக்கிற பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"காலை நகத்து! கொதிக்குது, நகத்து!"

அவன் நகர்த்தவில்லை. தடுக்கி, தண்ணீர் அவன் பாதத்தில் கொட்டியது. தோல் காலுறையோடு வந்தது.

மறுநாள் பெனீட்டா என் கடைக்கு வந்து இதே பெஞ்சில் உட்கார்ந்தாள். "வேஷம் போடறவன் கொதிக்கிற தண்ணிகிட்ட போட மாட்டான்டி, பிளாசிடா. அவனுக்கு நெஜமாவே போயிடுச்சு" என்றாள்.

நான் போய்ப் பார்த்தேன். சிரிக்கலாம் என்றுதான் போனேன், மறைக்கவில்லை. சிரிப்பு வரவில்லை. இரக்கமும் வரவில்லை. கால் கட்டோடு உட்கார்ந்திருந்தான். இடது தோள் கீழே இறங்கியிருந்தது. அறை முழுக்கப் புளித்த பால் வாசனை. ஒரு நாளைக்கு மூன்று சட்டை மாற்றுகிறான், வாசனை போகவில்லை என்றாள் பெனீட்டா. ராத்திரியில் பிடரியில் யாரோ முணுமுணுக்கிறார்கள், என்ன என்றுதான் புரியவில்லை என்று அழுகிறானாம்.

ஆகஸ்ட் கடைசியில் அம்மா படுத்துவிட்டாள். நெஞ்சுச் சளி. மூன்று நாள் தாங்கினாள். மூன்று நாளும் மகன் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். பேசினாள் என்றால்... அப்படிப் பேசினாள். எதிரே உட்கார்ந்து நானே கேட்டேன். அவன் பிறந்த அன்று பெய்த ஆலங்கட்டி மழையைச் சொன்னாள். அவன் அப்பா எதற்காக விட்டுவிட்டுப் போனார் என்று, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். அலுவலகத்துக்குச் சோளம் கொண்டுபோன அன்றைக்குத் தனக்குக் கோபமே இல்லை என்று சொன்னாள். அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்... கூழாங்கல்.

பெனீட்டா ஸ்பானிஷில் சொன்னாள். "மழைங்கறாங்க. அப்பாங்கறாங்க. கோபம் இல்லையாம்."

"அவ்வளவு நேரம் பேசினாங்களே! நீ மூணு வார்த்தை சொல்ற!"

"கேட்டாப் புரியும், எனக்குப் பேசத் தெரிஞ்ச ஸ்பானிஷ் அவ்வளவுதான். நீயா கத்துக் குடுத்தே?"

அவன் சுவரில் தலையை மோதினான். மோதட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசி ராத்திரி. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மாவும் பிள்ளைகள் இருவரும் மட்டும். விடிய ஒரு மணி நேரம் இருக்கும். அம்மா கண்ணைத் திறந்து மகனைப் பார்த்தாள். மகனை இல்லை... அவன் தோளுக்கு மேலே. முகம் அப்படியே மலர்ந்துவிட்டதாம். கையை நீட்டி, தெளிவாகக் கேட்டாள்.

"யாருப்பா இந்தக் குழந்தை, முதுகுல? கட்டு இறுகிக் கெடக்கு. இறக்கி விடு, பசியா இருக்கான் பாரு."

எலியோடோரோ திரும்பி, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டான்.

பெனீட்டா அம்மாவின் போர்வையை இழுத்துவிட்டாள். "ஒண்ணுமில்ல. தூங்கச் சொன்னாங்க."

இறக்கிவிடச் சொன்னவள் விடிவதற்குள் போய்விட்டாள். இறக்கவேண்டியவனுக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை. பெனீட்டா பயத்தில் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள். நான் ஏன் சொல்லவில்லை என்றால்... அவனுக்கு நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

அடக்கம் முடிந்ததும் கடற்கரைக்கே ஓடிப்போனான். அங்கே அவனை மலைக்காட்டான் என்று கூப்பிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். டை எல்லாம் அங்கே செல்லாது. வருடத்துக்கு ஒரு தடவை, நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளுக்கு வருவான். பேருந்து இங்கே நிற்கும். இதே மூலையில் உட்கார்ந்து ஆட்டுத்தலை சூப் குடிப்பான். ஒவ்வொரு வருடமும் இன்னும் கொஞ்சம் குனிந்திருப்பான். முதல் வருடம் தோள் மட்டும். மூன்றாம் வருடம் இடுப்பு. போன வருடம் மேசை விளிம்பும் அவன் மூக்கும் ஒரே உயரம். நாற்பத்தொரு வயதுதான்.

"நீங்க பேசுவீங்களாக்கா அவன்கூட?" என்கிறான் எர்மோ. பேசுவேனே. "வாங்க துரை, போங்க துரை" என்பேன், கெச்சுவாவில். அவன் சிரிப்பான்.

போன வாரமும் வந்தான்.

கல்லறைக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழி. பேருந்தில் வந்த மற்றவர்கள் வெளியே நின்று புகைத்துக்கொண்டிருந்தார்கள். கடையில் நாங்கள் இருவர். சூப்பை வைத்தேன். அவன் தொடவில்லை. ஸ்பானிஷில் பேசினான், கெஞ்சுகிற குரலில்.

"பிளாசிடா, ஒரு உதவி. பின்னாடி ஒரு பேச்சு கேட்டுக்கிட்டே இருக்கு. முன்னாடி முணுமுணுப்பாத்தான் இருந்துச்சு. இப்பத் தெளிவாக் கேக்குது. பாஷைதான் தெரியல. கேக்கறதை அப்படியே சொல்றேன். என்னன்னு மட்டும் சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டு காது கொடுத்தான். பிறகு சொன்னான். அர்த்தம் தெரியாமல், கிளி மாதிரி, ஓசை ஓசையாக. ஆனால் உச்சரிப்பு சுத்தம். அவன் குரலே இல்லை அது. ஏழு வயதுப் பையன், கெஞ்சும்போது கடைசி எழுத்தை இழுப்பானே, அந்த இழுப்பு.

"இந்த அம்மாகிட்ட போகட்டுமா?"

அடுப்பில் எலும்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

அவன் கண்ணைத் திறந்தான். "என்ன சொல்லுது?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். பெனீட்டா சொன்ன அந்த மூன்று வார்த்தைக்குப் பிறகு யாரும் அவனுக்கு ஒரு வார்த்தை பெயர்த்துச் சொன்னதில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் ஜன்னலும் அதற்குப் பின்னால் வெட்டிய நகமும்தான் எனக்கு ஞாபகம் வந்தன. வாய் தானாகக் கோணியது.

"இது கெச்சுவாவே இல்லியே, துரை. ஏதாவது கடற்கரைப் பாஷையா இருக்கும்."

"அப்படியா?" என்றான். அதற்கும் நன்றி சொன்னான். சூப்பைக் குடித்தான். நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். கேட்டது என்னிடம். போகட்டுமா என்று கேட்ட பிள்ளைக்கு வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாயே திறக்கவில்லை. இருமக்கூட இல்லை.

பேருந்து ஹார்ன் அடித்தது. கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தான். கதவைப் பார்த்து நடந்தான்.

அந்தக் கதவைத்தான் பாருங்கள், எவ்வளவு தணிவு. ஏழு வருடமாக அந்தக் கூனோடு அதற்குள் அவன் சிரமமே இல்லாமல் போய் வந்தான்.

போன வாரம் நிலையில் தலை இடித்துக்கொண்டான். 'டொக்' என்று.